இன்னும் முளைக்கவில்லை

பென்சிலின் முனை சுவர் நாட்காட்டிக்கு ஒரு விரற்கடை முன்னால் நிற்கிறது, எந்தக் கட்டத்தில் இறங்குவது என்று தெரியாமல், கிர்ஸ்தி திரும்பிப் பார்த்து எப்போது என்று கேட்கிறாள், ஒரே ஒரு சொல், ஃபின்லாந்துக்காரர்கள் அதற்கு மேல் செலவழிக்க மாட்டார்கள், இசக்கியோ ஒரு காலில் ஷூவும் மறு காலில் வெறும் சாக்ஸுமாக ஆய்வகத்து வாசலில் நொண்டிக்கொண்டு நிற்கிறாள், ஐயோ, ஊருக்குக் கிளம்புகிறவள் வாசலில் வழக்கமாகச் சொல்கிற சொல்தானே அது, ஐ வில் கோ அண்ட் கம், அதற்குப் போய் யாராவது தேதி கேட்பார்களா, ஆனால் கிர்ஸ்தி கேட்டாள், பென்சிலைப் பிடித்துக்கொண்டு காத்தும் நின்றாள், வேறு வழி தெரியாமல் இசக்கி சொன்னாள், சீக்கிரம்.

அந்த வாசலுக்குத்தான் இப்போது பேருந்து போய்க்கொண்டிருக்கிறது, ஃபின்லாந்துக் காடு இரண்டு பக்கமும் ஓடுகிறது, கண்ணாடியில் சாய்ந்த தலை உறங்குகிறதா நினைக்கிறதா என்று இசக்கிக்கே விளங்கவில்லை, ஒரு வருஷம் முன்னால் இதே வழியில்தான் முதல் தடவை வந்தாள், திருநெல்வேலிக்கு வெளியே பொட்டல்காட்டில் இருக்கிற கல்லூரியிலிருந்து, மூன்றாம் வருஷத் தாவரவியல் தொடங்கப்போகிற பிள்ளை, பத்து வார ஆராய்ச்சிப் பயிற்சி, பல்கலைக்கழகம் என்றதும் பெரிய கோபுரமும் கூட்டமுமாக மனசுக்குள் கட்டி வைத்திருந்தாள், வந்து பார்த்தால் மொத்தமே எழுநூறு பேர், நம் கல்லூரி பி.காம். பிள்ளைகளே அதற்கு மேல் இருப்பார்கள், அலமாரியிலிருந்து பேராசிரியர் ஒரு பழுப்புக் காகித உறையை எடுத்துக் கொடுத்தார், உள்ளே இருநூற்று நாற்பது விதை, ஐம்பது வருஷம் முன்னால் பக்கத்து ஏரிக்கரையில் எடுத்தது, அந்தச் செடி இப்போது அந்தக் கரையில் ஒன்றுகூட இல்லை, இதில் ஏதாவது உயிரோடு இருக்கிறதா என்று பார், அவ்வளவுதான் வேலை. அவள் பார்த்தாள், அப்படிப் பார்த்தாள், பன்னிரண்டு தட்டில் ஈரமணல் பரப்பி, தட்டுக்கு இருபதாக ஊன்றி, நான்கு வாரம் குளிர்பெட்டியில் வைத்து, பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, தினமும் காலையில் உருப்பெருக்கியும் கையுமாகக் குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம், மணல் மணலாகவே கிடந்தது. பூஜ்யமும் ஒரு முடிவுதான் இசக்கி, அப்படியே எழுது என்றார் பேராசிரியர், நல்ல மனுஷர், அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள், அந்த நல்ல குணத்தைத்தான் தாங்க முடியவில்லை, கழிப்பறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

கிளம்புகிற மாணவரின் தட்டுகளைக் கொட்டிக் கழுவி வைப்பது ஆய்வகப் பொறுப்பாளர் கிர்ஸ்தியின் வேலை, ஐம்பத்தைந்து வயது, சிரித்து யாரும் பார்த்ததில்லை, அவளிடம் விடைபெறும்போது ஐ ஆம் கோயிங் என்றுதான் இசக்கி வாயெடுத்தாள், அம்மா செல்லக்கனியின் குரல் உள்ளேயிருந்து அதட்டியது, ஏட்டி, போறேன்னா சொல்லுவ, போயிட்டு வாரேன்னு சொல்லுட்டி, எத்தனை வருஷத்து அதட்டல், ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் விடுமா, நாக்கு தானாகத் திரும்பிக்கொண்டது.

பேருந்து குலுங்குகிறது, இல்லை, இது ஜெராக்ஸ் மெஷினின் குலுக்கல், கல்லூரி வாசலுக்கு எதிரே அம்மாவின் கனி ஜெராக்ஸ், ஏப்ரல் வெயில் தகரக் கூரையில் இறங்குகிறது, அம்மா மகளின் ஆய்வறிக்கையை பைண்டிங்குக்கு எடுத்தவள் கடைசிப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள், ஒரு விதையும் முளைக்கவில்லை என்று எழுதியிருக்கிறது என்றாள் இசக்கி, அம்மா தாளைக் கீழே வைத்துவிட்டாள். பதினெட்டு வருசமா எத்தன புக்கு பைண்ட் பண்ணிருக்கேன், ஒண்ணும் வரலன்னு முடிச்ச புக்க இன்னைக்குத்தான்ட்டி பாக்கேன், வரலன்னு ஏன் எழுதுத, இன்னும் வரலன்னு எழுது, வெதைக்கு என்ன அவசரம், பஸ்ஸா போயிரும். அம்மாவோடு யார் மல்லுக்கட்டுவது, ஆங்கிலத்தில் அது மூன்றே எழுத்து, யெட், சேர்த்துவிட்டாள், சேர்த்ததும் நெஞ்சு கொஞ்சம் இலேசானது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வழிகாட்டி ரெபேக்காள் மிஸ் அந்த மூன்று எழுத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டாள், இது ஆசை இசக்கி, ரிசல்ட் இல்ல, திங்கட்கிழமை எடுத்துட்டுக் கொண்டா, அப்பதான் கையெழுத்துப் போடுவேன். கையெழுத்து இல்லாவிட்டால் வாய்மொழித் தேர்வு இல்லை, தேர்வு இல்லாவிட்டால் பட்டம் இல்லை, மிஸ் சொல்வது நியாயம் என்றும் தெரிந்தது, அந்த ஒரு சொல் போனால் பத்து வாரமும் செத்துப்போகும் என்றும் தோன்றியது.

சனிக்கிழமை, கடைக் கணினி, இன்னும் என்ற சொல்லின் பின்னால் கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது, அழிக்கும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோகிறாள், எடுக்கிறாள், மறுபடி கொண்டுபோகிறாள், திரையின் மூலையில் ஒரு மின்னஞ்சல் எட்டிப்பார்க்கிறது, கிர்ஸ்தியிடமிருந்து, மூன்று வரி, தட்டு எண் நான்கு, ஏழு, ஒன்பது, மொத்தம் பதினேழு முளை, எப்போது வருகிறாய். கூடவே ஒரு படம், ஆய்வகத்துக்கு வெளியே கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டி, ஓரத்தில் உருகி முடியாத பனி, உள்ளே அவளுடைய மணல், மணலில் நூல் போலப் பச்சை, ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகிறாள், ஒரு மரக்குச்சியில் பென்சிலால் எழுதிய அட்டை, இசக்கி, போயிருக்கிறாள், வருவாள். தட்டுகளைக் கொட்டாமல் ஏன் வெளியே பெட்டியில் வைத்தாய் என்று பேராசிரியர் கேட்டதற்கு, அந்தப் பெண் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், வருகிறவளுடைய பொருளை எப்படிக் கொட்டுவது என்றாளாம் கிர்ஸ்தி, குளிர்பெட்டியின் நான்கு வாரத்தை அந்த விதைகள் மதிக்கவில்லை, முழுசாக ஒரு குளிர்காலம் கேட்டிருக்கின்றன, மழை, உறைபனி, உருகின நீர், எல்லாம் வாங்கிக்கொண்டுதான் கண் திறந்தன என்று மறுநாள் பேராசிரியரே விளக்கி எழுதினார். அம்மா என்று இசக்கி கூப்பிட்ட கூப்பாட்டில் செல்லக்கனி மெஷினுக்குள் விட்ட கையோடு திரும்பினாள், படத்தைப் பார்த்தாள், நான் அப்பமே சொல்லல, என்றாள்.

பழைய கடைசிப் பக்கத்தை இசக்கி எடுக்கவில்லை, அதன் பின்னால் படத்தோடு ஒரு புதுப் பக்கம் சேர்த்தாள், ரெபேக்காள் மிஸ் கையெழுத்துப் போட்டாள், தேர்வன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் இன்னும் என்ற சொல்லில் விரல் வைத்து இது எப்படி என்று கேட்டபோது, மிஸ்ஸே எழுந்து, சார், அத எடுக்கச் சொன்னவ நான்தான், நல்லவேளை இந்தப் பொண்ணு எடுக்கல என்றாள், அறையே சிரித்தது, இசக்கிக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. அந்தப் படம் கலர் ஜெராக்ஸாகக் கடைக் கண்ணாடி முழுக்க ஒட்டப்பட்டது, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அம்மா பதினேழையும் எண்ணிக் காட்டினாள், மேற்படிப்புக்கு அதே சின்னப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்த அன்று எண்ணிக்கை இருபதாகிவிட்டிருந்தது, அம்மாவின் கணக்கில்.

பேருந்து நின்றுவிட்டது, இறங்கி நடக்கிறாள், மரப்பெட்டி திறந்திருக்கிறது, முளைகள் முழங்கை உயரச் செடிகளாகி நிற்கின்றன, நாளைக்கு ஏரிக்கரையில் ஊன்ற வேண்டும், ஐம்பது வருஷம் கழித்து, அதுவும் இந்தக் கையால், ஆய்வக வாசலில் ஒரு ஷூவைக் கழற்றிவிட்டு மற்றதைக் கழற்ற முடியாமல் நொண்டுகிறாள், கிர்ஸ்தி திரும்புகிறாள், வா என்று சொல்லவில்லை, கட்டிக்கொள்ளவில்லை, சுவர் நாட்காட்டியைப் பார்க்கிறாள், இவளைப் பார்க்கிறாள், சீக்கிரம் என்று சொன்னாய், என்கிறாள். இசக்கிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்குகிறது, ஆங்கிலம் மறந்துபோகிறது, வந்துட்டேன், என்கிறாள் தமிழில். கிர்ஸ்தி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, இன்றைய கட்டத்தில் முனையை வைத்து, நிதானமாக ஒரு குறி போட்டாள்.