ஓர் அகப்பைத் தண்ணீர்

அடுப்புக் கற்களின் மேல் மூன்று சாசேஜ் வெந்துகொண்டிருந்தன. ஆள் இரண்டு பேர்தான். மேல்பலகையில் ஐமோ உட்காரும் மூலை காய்ந்து வெளுத்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வரிசை வீடுகளில் தனியாக இருக்கும் மூன்று கிழவர்களுக்கும் சவுனா முறை. முற்றத்துக் கொட்டகையில் நீராவியில் வெந்து வியர்த்துவிட்டுப் போவார்கள். வடதுருவத்தை ஒட்டிய இந்த ஊரில் சூரியன் தலைகாட்டாத குளிர்கால மாதங்களில் வெய்க்கோ இன்னொரு மனிதக் குரலைக் கேட்பது இங்கேதான். மற்ற நாள்களில் மர ஆலையில் உழைத்துத் தேய்ந்த முழங்கால்தான் அவனோடு முனகும்.

"சாசேஜ் கருகுது" என்றான் வெய்க்கோ.

"ஐமோவோட பங்கு அது. வரலன்னா கருகட்டும்" என்றான் கலெர்வோ.

"காய்ச்சல்னாக்கூட வந்துருவாண்டா அவன்."

"உன் மூஞ்சியப் பாத்துப் பாத்து அலுத்திருக்கும். எனக்கே அலுத்துப்போச்சு." கலெர்வோ தொடையில் தட்டிச் சிரித்தான். வெய்க்கோவுக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை, 'சூடு பத்தல' என்பதைத் தவிர வேறு பேச்சறியாத ஐமோ, கற்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இந்த வருஷம் இருட்டு ரொம்பக் கனமா இருக்குடா. காலைல எதுக்கு எந்திரிக்கணும்னே தெரியல." ஒருவன் மனசைத் திறந்து வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அங்கே யாரும் பதில் பேசமாட்டார்கள். அகப்பை யார் கையில் இருக்கிறதோ அவன் கற்களின் மேல் தண்ணீர் ஊற்றுவான். 'சுர்ர்' என்று ஆவி எழும்பி முகங்களை மறைக்கும். சொன்னவன் கூச்சம் அதற்குள் மறைந்துவிடும். அதுதான் அவர்களுக்குள் மரியாதை. அன்றைக்கு அகப்பை வெய்க்கோ கையில் இருந்தது. ஊற்றினான். போதாதென்று இன்னொன்றும் ஊற்றினான். ஆவி அடங்கியபோது ஐமோ துண்டை எடுத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தான். வாரம் முழுக்க அந்த முதுகு வெய்க்கோவின் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"போய்ப் பாத்துட்டு வர்றேன்."

"கிறுக்கா உனக்கு? கூப்பிடாம ஒருத்தன் வீட்டுக் கதவத் தட்டுவியா? தனியா இருக்கணும்னு நெனச்சா விட்ருடா. நாளைக்கு எப்படி அவன் மூஞ்சில முழிப்ப?"

"முழிக்கறதுக்கு அந்த மூஞ்சி இருந்தாப் போதும்."

ஈர உடம்பின் மேல் கோட்டைப் போர்த்திக்கொண்டு, வெறுங்காலில் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். முற்றத்தில் அவன் உடம்பே கொதிக்கும் பானை மாதிரி புகைந்தது. தலைமயிர் நாலெட்டு வைப்பதற்குள் விறைத்துக் கம்பியானது. ஐமோவின் ஜன்னலில் விளக்கு எரிந்தது. ஆனால் வாசற்படியில் பனி மெத்தை போலக் கிடந்தது. முந்தாநாள் பெய்த பனி. அதில் ஒரு காலடி இல்லை. சுவரில் சாய்த்த பனிமண்வெட்டி பாதிவரை புதைந்திருந்தது. காலை எழுந்ததும் வாசலை வழிக்காமல் காப்பி குடிக்கிற ஆள் இல்லை ஐமோ.

தட்டினான். பிறகு முஷ்டியால் ஓங்கி இடித்தான்.

"டேய், வாடா உள்ள!" சவுனா வாசலிலிருந்து கலெர்வோ கத்தினான். "குளிர்ல நீயும் செத்துத் தொலைக்காத!"

'நீயும்' என்றது வாயைவிட்டு வந்தபிறகுதான் அவனுக்கே உறைத்தது. அப்புறம் அவன் கத்தவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. சூடெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது.

வெய்க்கோ பனியில் மண்டியிட்டான். கதவின் கீழ்ப்பக்கம் கடிதம் போடும் துவாரத்தின் மூடியை விரலால் தூக்கினான். உறைந்த இரும்பு ஈர விரலைக் கவ்விப் பிடித்தது.

"ஐமோ. சவுனா சூடா இருக்கு."

இங்கே கல்லும் இல்லை, அகப்பையும் இல்லை. வாயை வைத்துத்தான் ஏதாவது செய்யவேண்டும்.

"அன்னைக்கு நான் தண்ணி ஊத்திருக்கக் கூடாதுடா." பற்கள் கிடுகிடுத்தன. "எனக்கும் கனமாத்தான் இருக்கு. எந்திரிக்கறப்ப எனக்கும் ஒண்ணும் தெரியல. வெள்ளிக்கிழமை வருதேன்னு எந்திரிக்கறேன். அவ்வளவுதான்."

அவன் மூச்சுப்புகை துவாரத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. மூடியைப் பிடித்திருந்த விரல்களின் மேல் மஞ்சளாய்க் கிடந்த வெளிச்சக் கீற்றை, உள்ளே நகர்ந்து வந்த ஒரு நிழல் ஓரத்திலிருந்து மெல்ல மறைக்கத் தொடங்கியது.