இஸ்திரி நிற்கும் இடம்

கமில்லா தெரிந்து பேசுகிறாளா, சமாளிக்கிறாளா என்பது அவள் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை மெதுவாகச் சொல்வாள். நடுவில் மூக்கைச் சொறிவாள், தண்ணீர் குடிப்பாள். தெரியாத இடம் வந்தால் ஜூலை மாதத்துச் சுடுமணலில் வெறுங்காலோடு ஓடுகிறவள் மாதிரி வேகம் பிடிப்பாள். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம். நான் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள்.

இத்தாலியில், அங்கோனா துறைமுகத்துக்குப் பின்தெருவில் ஒரு சலவைக் கடையில் இருபத்திரண்டு வருடமாக இஸ்திரி போடுகிறேன். பெரும்பாலும் கப்பல் அதிகாரிகளின் வெள்ளைச் சட்டைகள். முதலில் காலர், பிறகு தோள், கை, கடைசியாக முதுகு. மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை கடை அடைப்பு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான் உள்ளே வேலை பார்ப்பேன். மதியமே பள்ளி விட்டதும் என் மகள் கமில்லா குனிந்து உள்ளே நுழைவாள். துவைக்காத துணி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து பாடத்தை உரக்கச் சொல்வாள். எங்கள் ஊரில் பிள்ளைகள் படிப்பது அப்படித்தான். சொல்வதைக் கேட்க எதிரில் ஒரு ஆள் வேண்டும். ஆள் என்றால் அம்மா.

அவள் வேகம் பிடிக்கும் இடத்தில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைப்பேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீராவிச் சத்தம் நின்றதும் அவளும் நிற்பாள்.

“சரி, சரி. பாத்துக்கறேன்” என்று புத்தகத்தைப் புரட்டுவாள்.

மூன்று வருடத்துக்கு முன்பு தோற்றுப்போய், அதே வகுப்பில் திரும்ப உட்கார்ந்தாள். அப்போது தொடங்கிய பழக்கம் இது. அதற்குப் பிறகு எல்லா வகுப்பிலும் தேறி வந்துவிட்டாள். இந்த வருடம் பள்ளி இறுதி. இரண்டு எழுத்துத் தேர்வு, பிறகு ஏழு பேர் கொண்ட குழுவின் முன்னால் வாய்மொழித் தேர்வு. குழுவில் பாதிப் பேர் முகம் தெரியாத வெளிப்பள்ளி ஆசிரியர்கள்.

“இதுவும் போச்சுன்னா திரும்ப அந்த பெஞ்சுல போய் உட்கார மாட்டேன்மா. உன்கூடச் சட்டை தேய்க்க வந்துடறேன்” என்று ஒருநாள் சொன்னாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. என் வேலையில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் நானும் இதே மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் இந்த மேசைக்கு வந்தேன். அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வாயில் வரும் என்று எனக்குத் தெரியும்.

மே மாதம் பள்ளியில் வாய்மொழித் தேர்வுக்கு ஒத்திகை வைத்தார்கள். அன்று ஷட்டருக்குள் குனிந்து வந்தவள் நிமிரவே இல்லை. அப்படியே மூட்டையில் சரிந்தாள்.

“இருபதுக்கு ஆறு.”

“தெரியாததைக் கேட்டாங்களா?”

“தெரிஞ்சதுதான். நல்லாத்தான் சொல்லிட்டிருந்தேன். சார் பேனாவைக் கீழ வச்சார். அவ்வளவுதான், வாய் அடைச்சுப்போச்சு. அப்புறம் என்ன கேட்டும் வரலை.”

“எதுக்குக் கீழ வச்சார்?”

“கண்ணாடி துடைக்க.”

அன்று சாப்பிடும்போது என் கணவன் வால்தெருக்குக் கோபம் ஆசிரியர்மீது. அவன் துறைமுகத்தில் பளுதூக்கி வண்டி ஓட்டுகிறவன். “நான் ரெண்டு டன்னை அந்தரத்துல தூக்கிட்டு நடுவுல கண்ணாடி துடைச்சா சும்மா விடுவாங்களா? வாத்தியார்னா மட்டும் துடைக்கலாமா?”

“அப்பா, அவர்மேல தப்பு இல்லப்பா.”

“உன்மேலயும் இல்ல. சாப்பிடு.”

மறுநாள் மதியம் சட்டப் பாடம் சொன்னாள். பாராளுமன்றத்தில் ஒரு சட்டம் எப்படி நிறைவேறுகிறது என்பது. நிதானமாக, தெளிவாகப் போய்க்கொண்டிருந்தது. மூக்கைக்கூடச் சொறிந்தாள். இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் தீர்ந்திருந்தது. அதை நிமிர்த்தி வைத்துவிட்டு ஜாடியை எடுக்கத் திரும்பினேன்.

கமில்லாவின் குரல் பாதி வாக்கியத்தில் அறுந்தது.

“என்ன தப்பு?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. தண்ணி ஊத்தறேன்.”

“இல்ல, ஏதோ தப்பா சொல்லிட்டேன்.” புத்தகத்தைப் பிரித்து வரிகளில் விரலை ஓட்டினாள். அவள் சொன்னது அப்படியே அங்கே இருந்தது. அப்போதும் அவள் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. என் கையைத்தான் பார்த்தாள்.

ஜாடியோடு நின்றேன். அந்த ஆசிரியரின் பேனா எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குப் புரிந்தது. அவர் வைத்தது பேனா இல்லை, என் இஸ்திரிப் பெட்டி. மூன்று வருடமாக அவள் பாடத்தோடு சேர்த்து இதையும் படித்திருக்கிறாள்: எதிரில் இருப்பவர் கை நின்றால் நீ தப்பு. சரியா தப்பா என்று பார்க்கும் வேலையை நான் செய்துகொண்டிருந்ததால் அவள் செய்யவே இல்லை.

அதைவிடக் கசப்பான இன்னொன்றும் தெரிந்தது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. என் வாழ்க்கையில் யாரையும் நான் கேள்வி கேட்டதில்லை. என்னைத்தான் எல்லோரும் கேட்பார்கள், சட்டை தயாரா, கறை போகுமா என்று. அந்த மூன்று மணி நேரம் மட்டும் நான் பெட்டியை நிமிர்த்தினால் பாராளுமன்றமே நிற்கும். எந்தப் புத்தகமும் படிக்காமல் ஒரு பேராசிரியை மாதிரி இருந்தேன். மகளுக்காகச் செய்வதாக நினைத்துக்கொண்டதில் ஒரு பங்கு எனக்காகவும் செய்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்பட்டு உட்கார்ந்தால் சட்டைச் சுருக்கம் போகாது. கோணலாக விழுந்த மடிப்பை ஈரமாக்கித் திரும்பத் தேய்த்தால் சரியாகும் என்று தெரிந்தவள் நான்.

அன்றிலிருந்து இஸ்திரியை நிறுத்தவில்லை. தண்ணீரை அவள் வருவதற்கு முன்பே நிரப்பி வைத்தேன். அவள் சமாளித்தாலும் தேய்த்தேன், உளறினாலும் தேய்த்தேன். அது லேசான காரியம் இல்லை. அவள் குரல் ஓடத் தொடங்கியதும் மணிக்கட்டு தானாகத் திரும்பும். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு தேய்ப்பேன். சட்டைகள் தீர்ந்துபோனால் உணவகத்து மேஜைவிரிப்புகளை எடுத்தேன்.

நான்காவது நாள் அவள் பிடித்துவிட்டாள்.

“ஏம்மா, அதே விரிப்பை மூணாவது தடவையா தேய்க்கிறே?”

“சுருக்கம் போகலை.”

“சுருக்கமா? அதுல முகம் பாத்து முடி சீவலாம். நான் சொன்னது தப்புதானே? ஏன் நிறுத்தலை?”

“எனக்கு என்னடி தெரியும் சரியா தப்பான்னு.”

“உனக்குத் தெரியும்.”

“உனக்குத் தெரியுமா?”

விரிப்பின் ஓரத்தைத் தேய்த்து முடித்துத் திருப்பினேன்.

“அன்னிக்கு அவர் கண்ணாடி துடைக்கறதுக்கும் நீ பயந்தே” என்றேன். “நான் இங்க பெட்டியை நிமித்தி நிமித்தித்தான் அந்தப் பயத்தைப் பழக்கியிருக்கேன். இனிமே நிறுத்த மாட்டேன். எங்க நிக்கணுமோ நீயே நில்லு.”

“தேர்வுக்கு ஒரு மாசம்தான் இருக்கு. இப்பப் போய் இதை ஆரம்பிக்கிறியா?”

“ஒரு மாசம் போதும்.”

புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஷட்டரில் முதுகு இடித்ததைக்கூடப் பொருட்படுத்தவில்லை.

ஐந்து நாள் கடைப் பக்கம் வரவில்லை. வீட்டில் வால்தெரிடம் பாடம் சொன்னாள். அவன் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டு ஞாயிறு பூசையில் உட்கார்வதுபோல் உட்கார்ந்தான். “பிரமாதம்” என்றான். ஒவ்வொரு பக்கத்துக்கும் “பிரமாதம்.”

“பாவம், பொண்ணு. பழைய மாதிரியே நிறுத்தித் தொலையேன் ஒர்னெல்லா” என்றான் என்னிடம். “அவளுக்கு அதுல ஒரு தைரியம்.”

“அந்தத் தைரியம் என் கையிலதானே இருக்கு? நான் அதை அந்த ஏழு பேருக்கு முன்னால எப்படிக் கொண்டு போய்க் குடுக்கறது?”

ஐந்து நாளும் அவள் தோற்றுவிடுவாளோ என்று நான் நினைக்கவில்லை. எங்கே திரும்பி வராமல் இருந்துவிடுவாளோ என்றுதான் நினைத்தேன். இரண்டும் ஒன்றில்லை என்பதை எனக்கு நானே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆறாவது நாள் ஷட்டருக்கு அடியில் அவளுடைய செருப்பு தெரிந்தது.

“அப்பாவை வச்சுக்கிட்டு ஒண்ணும் ஆகாது” என்று மூட்டையில் விழுந்தாள். “நேத்து வானிலை அறிக்கையைப் படிச்சேன். அதுக்கும் பிரமாதம்கிறார்.”

“மழை வருமாமா?”

“வராதாம். நீ தேயி.”

தேய்த்தேன். முதல் உலகப் போரில் இத்தாலி எப்படிச் சேர்ந்தது என்பது பாடம். இரண்டாவது பக்கத்தில் குரல் ஓடியது. என் கை போய்க்கொண்டே இருந்தது. இன்னும் ஓடியது. பிறகு அவளாகவே நின்றாள். பெட்டியின் சீறல் மட்டும் கேட்டது.

“சே. இது கதை விடறேன்” என்றாள் தனக்குள். “மறுபடி சொல்றேன்.”

நான் தலையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் சிரித்திருப்பேன். கேப்டன் சட்டையின் காலரில் மூக்கை வைக்காத குறையாகக் குனிந்துகொண்டேன்.

ஜூன் மாதம் எழுத்துத் தேர்வுகள் முடிந்து மதிப்பெண் ஒட்டினார்கள். வருட மதிப்பெண்ணையும் சேர்த்து நாற்பத்தொன்பது. நூற்றுக்கு அறுபது இருந்தால்தான் தேர்ச்சி. வாய்மொழியில் பதினொன்று வேண்டும். ஒத்திகையில் ஆறு வாங்கியவளுக்குப் பதினொன்று.

தேர்வு ஜூலை இரண்டாம் தேதி காலை. அறைக்குள் யார் வேண்டுமானாலும் போய்ப் பின்னால் உட்காரலாம், சட்டமே அப்படி. கமில்லா முந்தின நாளே தன் சட்டத்தைச் சொல்லிவிட்டாள்.

“யாரும் உள்ள வரக்கூடாது. முக்கியமா அம்மா.”

“நான் வரலாமா?” என்றான் வால்தெர்.

“நீ அங்க வந்து பிரமாதம்னு கத்துவே.”

“வராந்தாவுல?” என்றேன்.

யோசித்தாள். “வராந்தா சரி. கதவுக்கு நேரா உட்காரக்கூடாது.”

அவளுடைய வெள்ளைச் சட்டையை நான்தான் தேய்த்திருந்தேன். அந்தச் சட்டையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஏழு பேரில் யாரும் அப்படி ஒரு காலரைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

புழுக்கம் தாங்காமல் அறைக் கதவை ஒரு நாற்காலி வைத்துத் திறந்தே விட்டிருந்தார்கள். சுவரோரம் இருந்த பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்தோம். உள்ளே மின்விசிறி ஓடியது. வார்த்தைகள் பிரிந்து கேட்கவில்லை. வால்தெர் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தான்.

“ஒண்ணும் புரியலையே.”

“எனக்கு வார்த்தை வேண்டாம்.”

ஒரு போர்வீரன் எழுதிய அஞ்சலட்டையின் படத்தைக் கொடுத்து, அதிலிருந்து பேசச் சொன்னார்கள் என்று பிறகு சொன்னாள். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் குரல் நிதானமாக இருந்தது என்பதுதான். ஒருமுறை நாற்காலி தரையில் இழுபட்டது. யாரோ எழுந்தார்கள், ஜன்னல் மூடும் சத்தம் கேட்டது. குரல் நிற்கவில்லை.

பிறகுதான் ஓட ஆரம்பித்தது.

என் வலது கை இவ்வளவு நேரமும் முழங்கால்மேல் பாவாடையை நீவிக்கொண்டிருந்திருக்கிறது. அது நின்றபோதுதான் கவனித்தேன். வேண்டுமென்றே மறுபடி நீவினேன். அந்தப் பாவாடையில் தேய்க்க எதுவும் மிச்சம் இல்லை. குரல் இன்னும் வேகமாக ஓடி, சட்டென்று நின்றது.

மின்விசிறி சுற்றியது. வால்தெர் பாதி எழுந்துவிட்டான். கதவில் போய் நிற்க எனக்கும் நான்கு எட்டுத்தான். நின்றால் அவள் பார்ப்பாள், என் கையைப் பார்ப்பாள். அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

“உட்காரு.”

“மறந்துட்டா, ஒர்னெல்லா.”

“மறக்கலை. சொன்னது சரியான்னு பாத்துக்கிட்டிருக்கா.”

உள்ளேயிருந்து, வார்த்தை வார்த்தையாகக் கேட்டது: “மன்னிக்கணும். இப்ப சொன்னது சரியில்ல. லண்டன்ல ரகசிய ஒப்பந்தம் போட்டப்போ பாராளுமன்றத்துக்கே அது தெரியாது. அந்த இடத்துலேர்ந்து திரும்பச் சொல்றேன்.”

யாரோ ஒரு பெண், “சொல்லுங்க, நேரம் இருக்கு” என்றார்.

சொன்னாள். மெதுவாக. நடுவில் தண்ணீர் குடித்தாள், கண்ணாடித் தம்ளர் மேசையில் படுவது கேட்டது. மூக்கையும் சொறிந்திருப்பாள். வால்தெர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“என்ன?” என்றான்.

“ஞாயித்துக்கிழமை உங்க அக்காவைச் சாப்பிடக் கூப்பிடு. கறி அடைச்சு ஒலிவ் காய் பொரிக்கிறேன்.”

“மார்க்கு வரட்டும்டி.”

“இன்னிக்கே கூப்பிடு.”

மார்க்கு அந்த வாரக் கடைசியில்தான் ஒட்டினார்கள். வாய்மொழியில் பதினாறு. நோட்டீஸ் பலகையின் முன்னால் வால்தெர்தான் அழுதான். எனக்கு அது பழைய செய்தி.

அன்று தேர்வு முடிந்து அறையை விட்டு வெளியே வந்தபோது அவள் காலர் வியர்வையில் துவண்டிருந்தது. நேராக எங்களிடம் வந்தாள். “நடுவுல ஒரு இடத்துல உளறிட்டேன். அப்புறம் சரி பண்ணிட்டேன். ஒரு மேடம் தெருச் சத்தம் தாங்காம எழுந்து ஜன்னலைச் சாத்தினாங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருந்தேன். கணக்குல ஒண்ணு தெரியலை, தெரியலைன்னு சொல்லிட்டேன். பதினொண்ணு வந்துரும்ப்பா. அதுக்கு மேலயும் வரும்.”

“பிரமாதம்” என்றான் வால்தெர்.

“உனக்கென்ன, வானிலை அறிக்கைக்கும் அதான்” என்று அவன் தோளில் குத்தினாள். என் பக்கம் திரும்பி, பசிக்கிறது, வாங்க போகலாம் என்றாள். என்னிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. என் கையைப் பார்க்கவும் இல்லை.

அதை நான் கவனித்தேன். கொஞ்சம் வலித்தது. இவ்வளவும் அதற்காகத்தான் என்பதால் வலியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. கையைப் பைக்குள் விட்டு, அவளுக்காகக் கொண்டுவந்திருந்த பீச் பழத்தை எடுத்துக் கொடுத்தேன்.