தண்ணி என்றால் ஜொல்

என் புருஷன் முத்துகிருஷ்ணன் குடிப்பார் என்பது ஹவுரா ரயில்வே குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் தெரியும், எங்கள் மகள் ரஞ்சனாவைத் தவிர. அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நான். அவர் தள்ளாடி வந்தால் டூட்டி அசதி. வாந்தி எடுத்தால் கேன்டீன் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. பொய் சொல்வதற்குப் பரீட்சை இருந்தால் நான்தான் முதல் வகுப்பு.

அது தொண்ணூற்று நான்கு. குடிக்கு வைத்தியம் உண்டு என்று அப்போது யாருக்குத் தெரியும்? திருந்தாத ஜென்மம் என்று திட்டுவார்கள், இல்லையென்றால் கயிறு மந்திரித்துக் கட்டுவார்கள். நான் பௌதி, அதாவது அண்ணி என்று கூப்பிடுகிற எதிர்வீட்டு வங்காளப் பெண்தான் சொன்னாள். ஆற்றுக்கு அக்கரையில் பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஒரு டாக்டர் இருக்கிறாராம். முதலில் பொது டாக்டர் பார்த்து, அவரிடம் போகச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எத்தனையோ நாள் சண்டை போட்டேன், இவர் பிடி கொடுக்கவில்லை. காளி பூஜை முடிந்த மறுநாள் தானாகவே வந்து நின்றார். பட்டறையில் கை நடுங்கி, பக்கத்தில் நின்றவன் விரல் நசுங்கப் பார்த்ததாம்.

"போலாம் நீலா. என்னால தனியா விட முடியல" என்றார்.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே எனக்குச் சாமியே நேரில் வந்த மாதிரி இருந்தது. எந்தக் கவுன்டர், எந்த அறை என்று விசாரிக்க ரஞ்சனாவையும் கூட்டிக்கொண்டேன். வங்காளப் பள்ளியில் ஆறாம் வகுப்பு, பேச்சில் புலி. அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு நாங்கள் இருவரும் உள்ளே போய் ஜாடையில் சமாளிப்பதாக ஏற்பாடு. ஆனால் வாசலில் காவல் நின்ற மகராசன், நோயாளியோடு ஒரே ஆள்தான், அதுவும் பாஷை தெரிந்த ஆள் என்று கையை நீட்டி மறித்துவிட்டான். எனக்குத் தெரிந்த வங்காளம் காய்கறி வாங்க மட்டும்தான் போதும். அவருக்குப் பட்டறை இந்தி உண்டு, டாக்டரைக் கண்டால் அதுவும் ஓடிவிடும். பின்னால் நின்ற கூட்டம் நெருக்கியது.

"அப்பா சொல்றத அப்படியே டாக்டர்கிட்ட சொல்லு" என்று அவளை உள்ளே அனுப்பினேன்.

போன வேகத்தில் வந்துவிட்டார்கள். ரஞ்சனா முகமெல்லாம் சிரிப்பு. கையில் சர்க்கரை பரிசோதனைக்குச் சீட்டு.

"என்னடி சொன்ன?"

"அப்பா, தண்ணிய விட முடியல, காலைல எழுந்ததும் தண்ணி வேணும், இல்லன்னா கை நடுங்குதுன்னாரு. பாபா கூப் ஜொல் கான்னு சொன்னேன். சுகரா இருக்கும்னாரு டாக்டர். நல்லா பேசறேன்னு என்னைப் பாராட்டினாரும்மா!"

 ஜொல் என்றால் வெறும் குடிதண்ணீர். ஊரில் வளர்ந்திருந்தால் தண்ணிக்கு இன்னொரு அர்த்தத்தைத் தெருவிலேயே கற்றிருப்பாள். இவள் தமிழ் கற்றது என் சமையலறையில். அங்கே தண்ணி என்றால் தண்ணிதான்.

திரும்பும் லாஞ்சுப் படகில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஜொல்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

"எங்கப்பா நிறைய தண்ணி குடிப்பாருன்னு அவ்ளோ நல்லபடியா சொல்றா நீலா. இது அந்தத் தண்ணி இல்லம்மான்னு அவ மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்லுவேன்?"

அவரை ஆற்றில் தள்ளிவிடலாம் போல ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

சர்க்கரை இல்லை என்று வந்தது. அதன்பிறகு எப்போது கூப்பிட்டாலும் "அதான் டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரே" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் வெறுத்தேன். மறுபடி அவர் அந்த ஆஸ்பத்திரிப் படி ஏறவில்லை. ரஞ்சனாவிடம் எவ்வளவு நாள் மறைப்பது? பெரிய வகுப்புக்கு வந்தபோது, சாராயக் கடை வாசலில் விழுந்து கிடந்தவரை அவளே ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

இரண்டாயிரத்து ஆறில் அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஈரல் போய்விட்டது, வயிறு பானையாக வீங்கியிருந்தது. கீழ்த்தளத்தில் குடிக்கென்றே இப்போது தனி அறை, வாசல் வரை வரிசை. புருஷன் கையைப் பிடித்துக் கூட்டிவந்த பெண்கள் எதற்கு வந்தோம் என்று சத்தமாகவே சொன்னார்கள். அந்த வரிசையைத் தாண்டித்தான் தினமும் மாடிக்குப் போக வேண்டும். 

அன்று மத்தியானம் அவர் கண்ணை மூடியபடி முனகினார். "தண்ணி... தண்ணி..."

என்ன கேட்கிறார் என்று நர்ஸ் ரஞ்சனாவைக் கேட்டாள். ஜாதவ்பூரில் எம்.ஏ. படிக்கிறவள், இப்போது அவளுக்கு எல்லா அர்த்தமும் தெரியும். முகம் இறுகியது.

"மொத்" என்றாள்.

மொத் என்றால் சாராயம். நர்ஸ் உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். நான் வாய் திறப்பதற்குள் அவர் கண் விழித்து மகளைப் பார்த்தார்.

"ஜொல்தாம்மா" என்றார். "இது ஜொல்தான்."

 ரஞ்சனா டம்ளரை எடுத்தாள். ஸ்பூனால் வாயில் விட்டாள். பாதி அவர் கழுத்தில் வழிந்தது.

"அன்னிக்கே ஏன்ப்பா என்னைத் திருத்தல?"

அவர் மெதுவாக விழுங்கினார்.

"அன்னிக்கு நீ ரொம்ப நல்லா பேசினம்மா" என்றார்.