கடுகு வெடிக்கும் முன்

போனை வைத்ததும் ராதாமணி பக்கத்திலிருந்த தம்பி வீட்டுக்கு ஓடினாள். மரபணுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. பட்டாசு ஆலை விபத்தில் அடையாளம் தெரியாமல் கரிந்து கிடந்த உடல்களில் ஒன்று அவள் தம்பி சண்முகராஜுடையதுதான். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த அவள் கணவர் மாதவன், "கொண்டு வாரவரைக்கும் ஒங்க அய்யாகிட்டயும் அந்தப் பிள்ளகிட்டயும் மூச்சு விடாத" என்று சொல்லியிருந்தார்.

சொல்ல அவளுக்கும் தைரியமில்லை. ஆனால் தம்பி மனைவி காளீஸ்வரி தேங்காய் துருவும் சத்தம் சுவர் தாண்டிக் கேட்டது. சட்னி அரைத்தால் தாளிப்பாள். சாவு விழுந்த துட்டி வீட்டில் கருமாதி முடிகிறவரை கடுகு வெடிக்கக் கூடாது. புருசன் பிணம் வந்துகொண்டிருக்கும்போது தாளித்தவள் என்று ஆயுசுக்கும் ஊர் பேசும்.

காளீஸ்வரி நிலக்கடலையை வறுத்துத் தோல் ஊதிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மதினி. அவியள சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல பாத்ததா ஒரு ஆள் சொன்னாருல்ல? ஆலை ஆளுகளப் பிடிக்குத போலீஸுக்குப் பயந்து எங்கனயோ பதுங்கியிருக்காவ. தீவாளிக்குச் சரவெடி கொளுத்தச் சொன்னா தெருவ விட்டே ஓடுத ஆளு!"

ராதாமணி அடுப்படிக்குள் வந்து அலமாரியை ஒட்டி நின்றாள். மிளகாய் வற்றல், புளி, உப்பு, பூண்டு எல்லாம் மிக்ஸிக்குள் போயின.

"தாளிக்காம வையி, ஏட்டி. அய்யாவுக்கு எண்ணெய் ஆகாது."

"நல்லாருக்கே! தாளிக்கலைன்னா ஒங்க அய்யா தட்ட என் தலையில கவுத்துவாரு. நாலஞ்சு நாளா வெறும் கஞ்சி. சட்னின்னா ரெண்டு தோசையாவது எறங்கும்."

மிக்ஸி ஓடும்போது ராதாமணி கடுகு டப்பாவை எடுத்து முந்தானைக்குள் மறைத்தாள்.

சட்னியை வழித்து வைத்துவிட்டுக் காளீஸ்வரி அலமாரியைத் துழாவினாள். "இங்கனதான வச்சேன்..." திரும்பியவள் முந்தானை புடைத்திருப்பதைப் பார்த்தாள். "என்ன மதினி, கடுகக் களவாங்குதீங்க?"

சிரிப்பு பாதியில் நின்றது. மதினி டப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அந்த ஊரில் கடுகை ஒளித்து வைக்க வேறு காரணம் கிடையாது.

காளீஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "எப்பக் கொண்டாராவ?"

"பொழுது சாயும்."

காளீஸ்வரி டப்பாவைப் பிடுங்கினாள். அடுப்பைப் பற்றவைத்து எண்ணெய் ஊற்றினாள்.

"வேண்டாம்ட்டி. ஊரு..."

"மாமாவுக்குத் தெரிஞ்சா இனி பச்சத்தண்ணி எறங்காது. ஒரு வாய் சாப்பிடட்டும், மதினி. பெறகு சொல்லுங்க."

கடுகு வெடித்தது. கறிவேப்பிலை பொரிந்த வாசம் தெருவுக்குப் போனது. எதிர் வீட்டு வாசலில் பேச்சு நின்றது. சேதி அங்கேயும் வந்திருக்க வேண்டும்.

காளீஸ்வரி தோசைக்கல்லை விட்டுத் திரும்பவேயில்லை. ராதாமணிதான் தட்டை எடுத்துப் போனாள். அப்பா அழகிரிசாமி சட்னியைத் தொட்டு நக்கிப் பார்த்தார். "இன்னைக்குத்தான் ருசியா அரச்சிருக்கா" என்றார்.

வாசலில் ஒவ்வொருவராக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ராதாமணி அவர்களை மறைத்து, அப்பாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னொரு தோசை வைக்கட்டா அய்யா?"

"வையி" என்றார் அவர்.