பதினோராவது நிகழ்ச்சி

அழைப்பிதழில் மீட்புப் படையினருக்குப் பொன்னாடை அணிவிப்பது பதினோராவது நிகழ்ச்சியாக இருந்தது. ஐந்தாவதாகப் பேச வந்தவர் இன்னும் முடித்தபாடில்லை. தமிழரசி மூன்றாவது தடவையாக மேடையோரம் போய், தமிழ் மன்றத் தலைவர் வெங்கடநாராயணனிடம் குனிந்து கேட்டாள்.

"சார், அவங்களை முதல்ல கூப்பிட்டுடலாமே."

"சீஃப் கெஸ்டை உக்கார வெச்சுண்டு அதெப்படிம்மா? முறைன்னு ஒண்ணு இருக்கோல்லியோ. பத்தே நிமிஷம்."

இதே பத்து நிமிஷத்தை அவர் ஒரு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொல்கத்தாவை அடுத்த சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பின் மண்டபம் அது. ஒடிசாவின் பாலேஸ்வர் ரயில் விபத்தின் மூன்றாம் ஆண்டு நினைவு நாள். மாண்டவர்களுக்காக இரண்டு நிமிடம் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அதன் பிறகு பொன்னாடைகள் ஆரம்பித்தன. நகரத்து டாக்குரியாவிலிருந்து காரில் வந்த பிரமுகர்களில் ஏழு பேருக்குப் போர்த்தியாகிவிட்டது. யாருக்காக விழாவோ அவர்கள், விபத்தென்றால் விரைகிற நிவாரண ரயிலின் ஊழியர்கள் பன்னிரண்டு பேர், கடைசி வரிசையில் கதவோரம் இருந்தார்கள். முன்னால் வரச் சொன்னதற்கு வரவில்லை. காலிலிருந்த பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

அவர்களில் ஒருவர் ரமேஷ்பாபு, இரும்பு வெட்டுகிறவர். அன்று கவிழ்ந்த பெட்டியில், வளைந்த பெர்த்துக்கு அடியில் தமிழரசியின் கால் ஐந்து மணி நேரம் சிக்கிக் கிடந்தது. முதலில் வந்தவர்கள் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள். ஏணியும் செல்போன் வெளிச்சமுமாக ஏறி, தூக்க முடிந்தவர்களையெல்லாம் தூக்கிப் போனார்கள். அவளைத் தூக்க முடியவில்லை. ஒரு பெண் முந்தானையை நனைத்து அவள் வாயைத் துடைத்தபடி கூடவே இருந்தாள்.

பிறகு ரமேஷ்பாபு வந்தார். தீப்பொறி படாமலிருக்க அவள் முழங்கால்மேல் ஈரச்சாக்கைப் போட்டார். கண் செருகும்போதெல்லாம் தமிழிலேயே அதட்டினார். "தூங்கக்கூடாது. ரசத்துக்கு என்னென்ன போடுவீங்க, சொல்லுங்க." சொன்னாள். "பெருங்காயம் எங்க? அதுக்குப் பேர் ரசமா?" அந்த நிலையிலும் அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தில்தான் விழித்திருந்தாள்.

ஹெல்மெட் விளக்கு கண்ணில் அடித்ததால் அவள் முகம் பார்க்கவில்லை. பெயரே ஆறு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. போனில் சொல்லித் தீர்க்கிற நன்றியாகத் தோன்றவில்லை. நேரில், நாலு பேர் பார்க்க, தன் கையால் போர்த்திச் சொல்லவேண்டும். மாதக்கணக்கில் மன்றத்தை நச்சரித்து இந்த விழாவை வைக்கச் செய்தவளே அவள்தான்.

ஏழாவது நிகழ்ச்சியின்போது சங்கு ஊதியது. நீளமாக, விட்டு விட்டு.

ஏதோ ஆலைச் சங்கென்று நினைத்து மேடையில் பேச்சைத் தொடர்ந்தார்கள். அது விபத்துச் சங்கென்று தெரிந்த குடியிருப்புப் பெண்களோ சட்டென்று கால்களை மடக்கி வழி விட்டார்கள். ரமேஷ்பாபுவின் மனைவி வசந்தி எழுந்துபோய்க் கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்து பிடித்தாள். பன்னிரண்டு பேரும் அதற்குள் எழுந்தாயிற்று.

வெங்கடநாராயணன் பதறிப்போய் ஒரு பொன்னாடையோடு ஓடிவந்து, கடைசியாகப் போன ரமேஷ்பாபுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் இருங்கோ. மரியாதை பண்ணாம அனுப்பினா மன்றத்துக்கே அவமானம். அம்மா தமிழரசி, வாங்கோ, வந்து போர்த்துங்கோ."

பொன்னாடை அவள் கைக்கு வந்தது. மூன்று வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகளும் நாக்கு நுனிக்கு வந்தன. ரமேஷ்பாபு பெரியவருக்காக நின்றாரே தவிர, கண் வாசலில் இருந்தது.

சிக்கிக் கிடக்கிறவருக்கு ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியும்.

"விடுங்க சார்." தலைவரின் கையை அவள் விலக்கினாள். "அங்க யாராவது காத்துக்கிட்டிருப்பாங்க."

குரலைக் கேட்டு ரமேஷ்பாபு திரும்பினார். "கால் எப்படிம்மா இருக்கு?"

"நல்லா நடக்குது. நீங்க ஓடுங்கண்ணா."

ஓடினார்.

பிரமுகர்கள் ஒவ்வொருவராகக் காரேறிப் போனார்கள். வாசற்படியில் உட்கார்ந்த தமிழரசிக்குப் பக்கத்தில் வசந்தி வந்து உட்கார்ந்தாள்.

"எங்க விபத்து?"

"தெரியாதுக்கா. நெஜமா ஒத்திகையான்னு வண்டி ஏறின பிறகுதான் அவங்களுக்கே தெரியும். எங்க சின்னவ கல்யாணத்துல பாதிப் பந்தியில எழுந்து போனாரு. சம்பந்தி வீட்டுக்காரங்க கோவிச்சுக்கிட்டாங்க."

"எங்க ரயில் கவிழ்ந்த அன்னைக்கு?"

"சோத்துல கைய வச்சாரு. அப்படியே போனவருதான். மூணாம் நாள் வந்தாரு."

தமிழரசி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வசந்தியின் போன் அடிக்கிறவரை விடவில்லை.

"ஒத்திகைதானாம்," என்றாள் வசந்தி. "இருபத்திரண்டு நிமிஷத்துல வண்டியைக் கிளப்பிட்டாங்களாம்."

எங்கேயும் யாரும் சிக்கிக் கிடக்கவில்லை. தமிழரசி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பின்னால் நின்ற வெங்கடநாராயணன் கேட்டார். "அப்போ அவாள்ளாம் திரும்பி வருவாளோ?"

"வருவாங்க சார். சாமானெல்லாம் பழையபடி வச்சுட்டு வர ரெண்டு மணி நேரமாகும். கையெல்லாம் கிரீஸா இருக்கும்."

அவர் திரும்பிக் காலி மேடையைப் பார்த்தார்.

"இருக்கட்டும்," என்று செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்களுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார்.