கூடாரத்துக்குள் மின்னல் ஏரி

எத்தனை பேர் செத்தார்கள் என்பதுதான் பிள்ளைகள் எப்போதும் முதலில் கேட்கும் கேள்வி. அருவியைக் காட்டினாலும் அதே கேள்வி. பனிமலையைக் காட்டினாலும் அதே கேள்வி. உலகின் இயற்கை அதிசயங்களைப் பள்ளி பள்ளியாகக் கொண்டுபோய்க் காட்டுவதைத் தொழிலாகக் கொண்டிருந்த ஆசிரியை அதற்காகக் கோபப்பட்டதே இல்லை. கையை உயர்த்திவிட்டுக் கேட்க வேண்டும் என்பது மட்டுமே அவளுடைய நிபந்தனை.

அதிசயங்களை அவள் காட்டியது ஒரு கருப்புத் துணிக் கூடாரத்துக்குள். அதற்குக் கம்பமும் இல்லை, கயிறும் இல்லை. வெளியே ஒரு பெரிய மின்விசிறி விடாமல் ஊதிய காற்றுதான் அதைக் கவிழ்த்து வைத்த கிண்ணம்போல நிமிர்த்தி வைத்திருந்தது. கீழ்விளிம்பு தரையை விட்டு எழாதபடி சுற்றிலும் மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். உள்ளே போக ஒரு துணிக்குழாய் உண்டு. பிள்ளைகள் அதில் தவழ்ந்துதான் போக வேண்டும். ஆபத்து நேர்ந்தால் வெளியேறுவதற்காகப் பின்பக்கம் நீளமான ஜிப் ஒன்று வைத்துத் தைத்திருந்தார்கள். ஆனால், ஒவ்வொரு பள்ளியிலும் யாராவது ஒரு பொல்லாத பிள்ளை அந்த ஜிப்பை இழுத்துவிடும், காற்று இறங்கும், வானம் பிள்ளைகளின் தலைமேல் உட்கார்ந்துகொள்ளும். பாடம் பாதியில் கெடுவதை அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஜிப்பைக் கம்பி போட்டுக் கட்டச் சொன்னாள்.

"டீச்சரம்மா, இது அவசரத்துக்குன்னு வெச்சது" என்றார், மின்விசிறியையும் வண்டியையும் பார்த்துக்கொண்ட பெரியவர். எல்லாரும் அவரை மோட்டார் என்றே கூப்பிட்டார்கள்.

"என் வகுப்புல அவசரம் எதுவும் வராதுண்ணே. கட்டுங்க."

"வந்தா?"

"கைய தூக்கிட்டு வரச் சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே கட்டினார்.

அன்று ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் கூடாரம் எழுந்து நின்றது. உள்ளே வட்டமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் அந்தப் பள்ளியைச் சேர்ந்தவள் அல்ல. அவள் ஆசிரியையின் அக்காள் மகள். உருவம் சிறியது என்பதால் வீட்டில் பட்டாணி என்று அழைப்பார்கள். அவளுடைய அம்மா தாடை உடைந்து, வாய் திறக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உடைத்தவர் பட்டாணியின் அப்பா. அவர் பிள்ளையை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. உத்தரவு காகிதத்தில் இருந்தது. அவர் தெருவில் இருந்தார். ஆகவே சித்தி தான் போகும் இடத்துக்கெல்லாம் பிள்ளையை உடன் அழைத்துப் போனாள். அவர் கையில் இவள் சிக்கிவிடக் கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. ஆனால், இரண்டு பக்கமும் எரிமலை தீட்டிய தங்கள் வண்டி பள்ளி வாசலில் நிற்பதைத் தெருவில் போகிற யாரும் பார்க்கலாம் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

ப்ரொஜெக்டர் எரிந்தது. கூடாரத்தின் உட்புறம் முழுவதும் தண்ணீராக மாறி இறங்கியது.

"இது ஆப்பிரிக்காவுல இருக்கற அருவி. அங்க இருக்கறவங்க இதுக்கு இடி முழக்கற புகைன்னு பேர் வெச்சிருக்காங்க. ரொம்ப தூரத்துலயே புகை தெரியும், சத்தம் கேக்கும்."

"மிஸ், இதுல விழுந்தா எத்தனை துண்டாவாங்க?"

"கைய தூக்கு."

பையன் கையை உயர்த்தினான். "விழுந்தா எத்தனை துண்டாவாங்க மிஸ்?"

"எண்ணிப் பாக்கப் போனவரும் விழுந்துட்டார். அடுத்தது."

கூடாரம் சிரிப்பால் குலுங்கியது. பட்டாணியின் பக்கத்தில், அவளைப்போலவே இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் ஒரே உயரம்.

"நீ எந்த கிளாஸ்?" என்று சடைக்காரி கிசுகிசுத்தாள்.

"எந்த கிளாஸும் இல்ல. மிஸ் எங்க சித்தி."

"அப்ப எல்லாம் முன்னாடியே பாத்துட்டியா?"

"ம். அடுத்தது மின்னல். கண்ண மூடிராத, போயிரும்."

"பயமா இருக்குமா?"

பட்டாணி யோசித்தாள். "எங்க வீட்டவிட கம்மிதான்."

"அங்க என்ன பேச்சு?" என்றது ஆசிரியையின் குரல். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அருவி மறைந்து இருள் சூழ்ந்தது. ஆசிரியை குரலைத் தாழ்த்தினாள். தென் அமெரிக்காவில் ஓர் ஏரி இருக்கிறது. ஓர் ஆறு வந்து அதில் கலக்கும் இடத்துக்கு மேலே, வருடத்தில் ஏறக்குறைய பாதி இரவுகள் மின்னல் வெட்டிக்கொண்டே இருக்கும் என்று சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் முதல் மின்னல் கூடாரத்தை இரண்டாகப் பிளந்தது. பிள்ளைகள் "ஹோ" என்று கத்தினார்கள்.

அந்தக் கூச்சலில், வெளியே நாற்காலி உருண்ட சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

வெளியே மோட்டார் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வகுப்பு ஆசிரியர், பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள் என்ற நிம்மதியில், தானும் தேநீர் குடிக்கப் போய்விட்டார். கூடத்துக்குள் வந்த மனிதரின் சட்டையில் சரக்குக் கிடங்கின் பெயர் தைத்திருந்தது. கையில் அட்டைப்பெட்டி அறுக்கும் கத்தி இருந்தது.

"என் பொண்ணு எங்கய்யா?"

"யாருங்க நீங்க? உள்ள பாடம் நடக்குது. கொஞ்சம் வெளிய இருங்க."

"பாடமா? நான் நடத்தறேன் பாடம்."

முதல் குத்திலேயே மோட்டாரின் மூக்கு உடைந்தது. தேநீரும் ரத்தமும் கலந்து அவருடைய வேட்டியில் வழிந்தன. அவர் விழுந்த பிறகும் அந்த மனிதர் விடவில்லை, விலாவில் மிதித்தார், தடுக்க உயர்ந்த கையையும் மிதித்தார். பிறகு மின்விசிறியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தார்.

உள்ளே காற்றின் இரைச்சல் நின்றது. இத்தனை வருடத் தொழிலில் அந்த அமைதிக்கு என்ன பொருள் என்பது ஆசிரியைக்குத் தெரியும். "மோட்டார் அண்ணே!" என்று கூப்பிட்டாள். பதிலுக்கு, கூடாரத்தின் உச்சிக்குச் சற்றுக் கீழிருந்து தரைவரை ஒரு வெள்ளைக் கோடு கிழிந்து இறங்கியது. அதுவும் மின்னல் என்று நினைத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அந்தக் கோட்டின் வழியாக ஒரு கத்தி உள்ளே வந்தது, அதன் பின்னால் ஒரு மனிதர் வந்தார்.

"பட்டாணி! வாடி வெளிய!"

"அத்தான், பிள்ளைங்க இருக்காங்க. கத்திய கீழ போடுங்க" என்றாள் அவள்.

"உன் அக்காவுக்கு உடைச்ச வாய் உனக்கும் வேணுமா?"

கைதட்டல் நின்றது. யாரோ ஒரு பிள்ளை அழத் தொடங்கியது.

"எல்லாரும் தரையில படுங்க! தலையில கைய வெச்சுக்கோங்க!" என்று அவள் கத்திய அதே நேரத்தில் கூடாரம் இறங்கியது. கருப்புத் துணி முழுவதும் எல்லார்மேலும் வந்து படிந்தது. அதன் அடியில் ப்ரொஜெக்டர் மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மின்னல் வெட்டும்போதெல்லாம் துணியின் மடிப்புகளுக்கிடையே ஒரு கால், ஒரு வாய், ஒரு கத்தி என்று துண்டு துண்டாகத் தெரிந்து மறைந்தன. அவர் எதன்மீதோ தடுக்கி விழுந்தார். ப்ரொஜெக்டர் சாய்ந்தது. அதன்பிறகு வெறும் இருட்டு.

கிழிசல் பக்கம் அவர் இருந்தார், பிள்ளைகள் தவழ்ந்து வந்த துணிக்குழாய் காற்றில்லாமல் படிந்து கிடந்தது. அவள் ஜிப் இருந்த திசையில் தவழ்ந்தாள். வழியில் கையில் தட்டுப்பட்ட பிள்ளைகளையெல்லாம் தன்னோடு இழுத்துக்கொண்டாள். ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. கம்பி. தன் வாயால் கட்டச் சொன்ன கம்பி. நகங்கள் பிய்ந்துபோகும்வரை அதை முறுக்கினாள். மோட்டார் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்பவர் அல்லர்.

"அண்ணே! மூட்டைய இழுங்க! விளிம்பத் தூக்குங்க!"

வெளியிலிருந்து ஒரு முனகல் கேட்டது. பிறகு மணல் தரையில் உராயும் சத்தம். ஒரு மூட்டை நகர்ந்தது, இன்னொன்றும் நகர்ந்தது. விளிம்புக்கு அடியில் ஒரு கை அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. உடைந்த மூக்கோடும் நசுங்கிய விரல்களோடும் மோட்டார் துணியைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"வாங்க கண்ணுங்களா, வாங்க, எலி மாதிரி வாங்க, சீக்கிரம்."

பிள்ளைகள் வயிற்றால் ஊர்ந்து வெளியேறினார்கள். பட்டாணியின் முதுகைத் தொட்டு அடையாளம் கண்டு, அவளையும் வெளிச்சத்துக்குள் தள்ளினாள் சித்தி. தள்ளியதும் அவளுக்கு மூச்சு வந்தது. பிள்ளை வெளியே போய்விட்டது. இனி அவர் என்ன செய்தாலும் செய்துகொள்ளட்டும்.

அப்போதுதான் துணியின் நடுவிலிருந்து ஒரு சிறுமி அலறினாள்.

"அப்பன பாத்தா ஓடுவியா? ஓடுவியா நீ?" ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அறை விழுந்தது. "உங்கம்மா புத்திதான் உனக்கும்!"

"நான் இல்ல... நான் அவ இல்ல..."

"பொய்யா பேசற?"

எலும்பு இடம் பெயரும் சத்தம் சின்னதுதான். ஆனால் எல்லாருக்கும் கேட்டது. சிறுமியின் அலறல் உயர்ந்து, உடைந்து, விக்கலாக மாறியது. அவர் இருட்டில் பற்றியிருந்தது சடைக்காரியை. சடை ஒன்றுபோல் இருந்தது. உயரம் ஒன்றுபோல் இருந்தது. அந்தக் குரல் தன் மகளின் குரல் அல்ல என்பது பெற்ற தகப்பனுக்குத் தெரியவில்லை.

ஆசிரியை சத்தம் வந்த பக்கம் திரும்பித் தவழ்ந்தாள். துணி முகத்தில் ஒட்டி வழியை மறைத்தது. அவளுக்கு முன்பாக ஒரு குரல் போய்விட்டது.

"அப்பா, அது நான் இல்ல. நான் இங்க இருக்கேன்."

பட்டாணி திரும்ப உள்ளே வந்திருந்தாள்.

அடி நின்றது. துணிக்கு அடியில் ஒரு கனத்த உடம்பு திரும்புவதும், மூச்சிரைப்பதும், கத்தியின் அலகு கரகரவென்று நீள்வதும் கேட்டன. "அங்கயே இரு. அசையாத" என்றார் அவர், மிகவும் சாந்தமாக. பெரிய அடி விழுவதற்கு முன்னால் அவர் குரல் இப்படித்தான் சாந்தமாகும் என்று அக்காள் ஆசிரியையிடம் முன்பே சொல்லியிருந்தாள்.

அவள் கையில் ப்ரொஜெக்டரின் இரும்புத் தாங்கி அகப்பட்டது. மூச்சு வந்த இடத்தைக் குறிவைத்து அதைச் சுழற்றினாள். பட்டது. அவர் கத்தியால் ஒரு வீச்சு வீசினார். அது அவளுடைய உள்ளங்கையைக் குறுக்காக அறுத்தது. வலி பிறகுதான் வந்தது. கத்தி பிடித்த கையை அடித்தாள், கத்தி விழுந்தது. தோளில் அடித்தாள். அவர் விழுந்தார். விழுந்தவரை அடித்தாள். அக்காளின் தாடைக்காக ஒன்று, அந்தச் சிறுமியின் கைக்காக ஒன்று என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. எதையுமே நினைக்கவில்லை. கை போய் வந்துகொண்டிருந்தது.

மோட்டார் கிழிந்த துணியை இழுத்து விலக்கினார். விளையாட்டுக் கூடத்தின் வெளிச்சம் அவள்மேல் விழுந்தது. சுவரோரமாகப் பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தாள்.

"போதும்மா" என்றார் மோட்டார். "போதும். பிள்ளைங்க பாக்குது."

அவள் நிறுத்தினாள்.

அவர் சாகவில்லை. தோள் எலும்பும் மணிக்கட்டும் முறிந்து, மண்டை பிளந்து, வாயில் நுரையோடு கிடந்தார். தூக்கிக்கொண்டு போனார்கள். சடைக்காரியின் கையை ஒரு துப்பட்டாவால் கழுத்தோடு கட்டி வாசற்படியில் உட்காரவைத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் இன்னொன்று வர வேண்டியிருந்தது. பட்டாணி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பெண் போலீஸ்காரர் ஆசிரியையிடம் வந்து மெதுவாகப் பேசினார். "மேடம், கைய கழுவிராதீங்க. படம் எடுக்கறவர் வந்துட்டே இருக்கார். அந்தாளு நாளைக்கே வக்கீல வெச்சு, நீங்கதான் அடிச்சீங்கன்னு கேஸ் போடுவான். அவன் கத்தியால அறுத்தது உங்க கையில அப்படியே இருக்கணும். புரியுதா?"

"புரியுது."

அவள் படிக்கட்டுக்குப் போனாள். இரண்டு கைகளும் முழங்கைவரை காய்ந்து கறுத்திருந்தன. அதில் எது தன் ரத்தம், எது அவருடையது என்று அவளாலேயே பிரிக்க முடியவில்லை.

"வா கண்ணு. வீட்டுக்குப் போகலாம்" என்று கையை நீட்டினாள்.

பட்டாணி அந்தக் கையைப் பார்த்தாள். தன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொண்டு, சடைக்காரியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அப்பா வீட்டுக்குள் வரும்போதெல்லாம் அவள் அப்படித்தான் உட்காருவாள் என்று அக்காள் சொல்லியிருந்தாள்.

"கைய கழுவிட்டு வா சித்தி."

"கழுவக் கூடாதாம்மா. போலீஸ் சொல்றாங்க. கொஞ்ச நேரம்தான்."

"அப்ப நான் வரல."

"பட்டாணி, சொன்னா கேக்கணும்."

பிள்ளை கேட்கவில்லை. அழவும் இல்லை. அந்தக் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எந்தப் பக்கம் அசையும் என்று காத்திருப்பவளைப்போல.

ஆசிரியை கையை இறக்கினாள். திரும்பி, மைதானத்து ஓரமாக இருந்த குழாயை நோக்கி நடந்தாள்.

"மேடம்! எங்க போறீங்க? நில்லுங்க! உங்களுக்குத்தான் கஷ்டம், சொல்லிட்டேன்! மேடம்!"

அவள் குழாயைத் திறந்தாள். விரல் இடுக்குகளையும், பிய்ந்த நகங்களின் அடிப்பகுதியையும், அறுபட்ட உள்ளங்கையையும், பல்லைக் கடித்துக்கொண்டு, தண்ணீர் தெளிவாக ஓடும்வரை தேய்த்துக் கழுவினாள்.