கூட்டாஞ்சோறும் மச்சினன் வண்டியும்

சோலைமலையின் மோட்டார் சைக்கிளுக்குத் தோட்டத்தில் கூட்டாஞ்சோறு என்று பெயர். இஞ்சின், யுத்தம் முடிந்ததும் தியத்தலாவையில் பட்டாளத்துக்காரர்கள் ஏலத்தில் விட்டது. பெட்ரோல் தாங்கி வேறொரு வண்டியுடையது. முன்சக்கரம் கண்டியில் பழைய இரும்புக்கடையில் அகப்பட்டது. பின்னால் மனைவி நாகலெட்சுமி உட்காருவதற்கு, ஓடாத பஸ்ஸின் சீட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி வைத்திருந்தான். இதையெல்லாம் ஒன்றாகச் சேர்க்க அவனுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. சேர்த்ததை ஓடவைக்க அதற்குப் பிறகு ஆறு வருஷமாக முயன்றுகொண்டிருந்தான்.

அவன் இஞ்சின் தெரியாதவன் அல்ல. தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலை ஃபாக்டரியின் பெரிய இஞ்சினைப் பார்த்துக்கொள்வது அவன்தான். அது ஒருநாளும் வேலை நேரத்தில் நின்றதில்லை என்று துரையே சொல்லியிருக்கிறார். அதில் திருத்த ஒன்றுமில்லாததால்தானோ என்னவோ, அவனுடைய ஆசையெல்லாம் கூட்டாஞ்சோற்றின் மேல் விழுந்தது.

கூட்டாஞ்சோறு உதைத்தால் கிளம்பாது. மேட்டில் நிறுத்தி உருட்டிவிட்டால் கிளம்பும், அதுவும் மனம் வைத்தால். ஆகவே சோலைமலை யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சரிவைத்தான் தேடுவான். தேயிலை மலையில் சரிவுக்கா பஞ்சம்? ஆனால் அடிவாரத்தில் வீடு கட்டியிருக்கும் சொந்தக்காரர்களோடு நாளடைவில் போக்குவரத்து குறைந்துவிட்டது. நாகலெட்சுமியின் கைப்பையில் வெற்றிலைப் பொட்டலத்தோடு ஒரு பிளக்கும் கொஞ்சம் கம்பியும் எப்போதும் இருக்கும். நுவரெலியா ரோட்டில் வண்டி நின்று அவள் உட்கார்ந்திராத மைல்கல் ஒன்றிரண்டுதான் பாக்கி. இதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை குறைசொன்னதில்லை. அதனால் அவளுக்கும் இதெல்லாம் பிடித்திருக்கிறது என்று சோலைமலை நம்பியிருந்தான்.

ஐம்பத்தேழாம் வருஷம் அவளுடைய தம்பி வடிவேல் புது மோட்டார் சைக்கிள் வாங்கினான். நுவரெலியாவில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறவன். வண்டி கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருந்தது. ஒரு திருகாணிகூட மாற்றவில்லை என்று அவன் பெருமையாகச் சொன்னபோது, இதிலென்ன பெருமை என்று சோலைமலைக்கு விளங்கவில்லை. எட்டு நாள் கொழும்புக்குப் போகிறவன் வண்டியை அக்கா வீட்டில் விட்டுவிட்டுத் தலவாக்கலையில் ரயிலேற வந்திருந்தான். அவன் திரும்பி வரும் நாளுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இறம்பொடையில் அவனுக்குப் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு.

“ஓட்டுங்க மச்சான், தாராளமா ஓட்டுங்க. ஆனா தயவுசெஞ்சு தொறக்காதீங்க” என்றான் வடிவேல்.

தன்னைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை சொல்லலாமா என்று சோலைமலைக்கு வருத்தம். இருந்தாலும் மறுநாள் காலையில் ஓட்டிப் பார்த்தான். ஒரே உதையில் கிளம்பியது. ஃபாக்டரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவே திறந்திருக்கவில்லை. வழியில் யாரும் சிரிக்கவில்லை, தள்ளிவிட ஓடிவரவில்லை, எங்கே நின்றது என்று விசாரிக்கவுமில்லை. பஸ்ஸில் போய் இறங்கியது போலிருந்தது அவனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை நாகலெட்சுமியை ஏற்றிக்கொண்டு நுவரெலியா சந்தைக்குப் போனான். நானுஓயாவைத் தாண்டும்போது பின்னாலிருந்து பேச்சுக் குரல் கேட்டது. யாரோ ரோட்டோரத்தில் பேசுகிறார்கள் என்று நினைத்தான். பிறகுதான் அது அவள் என்று புரிந்தது. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளின் மகளுக்கு வந்த சம்பந்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“என்ன இன்னைக்கு இவ்வளவு பேசுற?” என்றான்.

“இன்னைக்கு என்ன, எப்பவும் பேசிக்கிட்டுத்தானே வர்றேன்.”

“எனக்குக் கேட்டதில்லையே.”

“அது தெரியும்” என்றாள் நாகலெட்சுமி. “கேக்காதுன்னுதான் சில சமயம் உங்களத் திட்டிக்கிட்டும் வருவேன்.”

அன்று சேலையில் ஒரு பொட்டு எண்ணெய் படாமல், உலையில் அரிசியை வைத்தால் வெந்துவிடும் நேரத்துக்குள் வீடு திரும்பினார்கள். அவள் முகம் கோயிலுக்குப் போய்வந்தது போலிருந்தது. ஆறு வருஷம் அவள் ரோட்டோரக் கல்லில் சந்தோஷமாக உட்கார்ந்திருக்கவில்லை என்பது சோலைமலைக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அது உறைத்ததும் வருத்தம் வந்திருக்க வேண்டும். அவனுக்கு வந்தது என்னவோ மச்சினன் வண்டியின் மேல் பொறாமை.

புதன்கிழமை சும்மா பார்க்கலாமென்று திறந்தான். எங்காவது ஒரு குறை இருக்கும் என்று தேடினான். ஒன்றுமில்லை. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அந்த ஒழுங்கைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு எரிச்சலாக இருந்தது. கடைசியில் காபரேட்டருக்குள் இருக்கும் ஜெட் கண்ணில் பட்டது. பெட்ரோல் சொட்டிப் போகிற ஊசித் துளையுள்ள சின்னப் பித்தளைக் குமிழ். துளையைக் கொஞ்சம் பெரிசாக்கினால் வண்டி மலையேற்றத்தில் இன்னும் நன்றாக இழுக்கும் என்று தோன்றியது. ஃபாக்டரியிலிருந்து மிக மெல்லிய துறப்பணம் ஒன்றைக் கொண்டுவந்து பெரிசாக்கினான்.

மாட்டிவிட்டு உதைத்தான். வண்டி இருமியது, கறுப்பாகப் புகைத்தது, நின்றது. எத்தனை தரம் உதைத்தாலும் அதே இருமல், அதே புகை. துளையைப் பெரிசாக்கத் துறப்பணம் இருக்கிறது. சின்னதாக்க உலகத்தில் ஒன்றுமில்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தூறல் என்று சொல்லி வண்டியின் மேல் போட்ட படங்குத் துணியை அவன் எடுக்கவேயில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வடிவேல் வந்தான். அக்கா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, கொழும்புக் கதையெல்லாம் சொல்லிவிட்டுப் படுத்தான். சோலைமலை பத்துத் தரமாவது உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். ஒவ்வொரு தரமும் வேறெதையோ கேட்டுவைத்தான். கொழும்பில் போஞ்சிக்காய் என்ன விலை என்று மட்டும் மூன்று தரம் கேட்டிருந்தான்.

ஞாயிறு காலை வடிவேல் வெள்ளைச் சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு வந்து உதைத்தான். இருமல், புகை. மறுபடி உதைத்தான். லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பட்டுச்சேலையில் நின்ற நாகலெட்சுமி வண்டியைப் பார்க்கவில்லை. புருஷனின் விரல் நகங்களைப் பார்த்தாள்.

“என்னங்க, என்ன செஞ்சீங்க?”

“குளிர்ல அப்படித்தான் இருக்கும்…”

“என்ன செஞ்சீங்கன்னு கேட்டேன்.”

சொல்லிவிட்டான். மலையேற்றம், இழுவை என்று ஆரம்பித்தவன் வடிவேலின் முகத்தைப் பார்த்ததும் காரணங்களைப் பாதியில் விட்டான். வடிவேல் கோபித்துக் கத்தியிருந்தால் எவ்வளவோ தேவலை. அவன் வாசற்படியில் உட்கார்ந்து, பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறதே என்று மட்டும் மெதுவாகச் சொன்னான்.

சோலைமலை எழுந்து பின்பக்கம் போனான். கூட்டாஞ்சோற்றின் காபரேட்டர் மச்சினன் வண்டியைச் செய்த அதே கம்பெனியுடையது. கூட்டாஞ்சோற்றில் அவன் கைவைக்காத இடமில்லை; அந்த ஜெட் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. வெட்டிய பஸ் சீட்டின் மேல் ஒரு நிமிஷம் கையை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து ஜெட்டைக் கழற்றினான்.

ஒரே உதையில் வடிவேலின் வண்டி கிளம்பியது. அக்காவும் தம்பியும் அதில் போனார்கள். சோலைமலை தலவாக்கலைக்கு நடந்து, நுவரெலியாவுக்கு ஒரு பஸ்ஸும் அங்கிருந்து கண்டி பஸ்ஸும் பிடித்து, இறம்பொடையில் இறங்கியபோது மணி இரண்டு. பெண்வீட்டில் தாம்பூலம் மாற்றி முடிந்திருந்தது. பெண் யோகேஸ்வரி அவனுக்கென்று எடுத்துவைத்த சாப்பாட்டைப் பரிமாறினாள். வண்டியை ஒரு மணி நேரத்தில் சரிபண்ணிக் கொடுத்த மச்சான் இவர்தான் என்று வடிவேல் அவளிடம் சொன்னான். வண்டியைக் கெடுத்தது யார் என்று அவன் சொல்லவில்லை. சோலைமலைக்குப் புரையேறியது. நாகலெட்சுமி தண்ணீரை நகர்த்திவைத்தாள்.

கூட்டாஞ்சோற்றுக்குக் கொழும்பிலிருந்து வேறு ஜெட் தபாலில் வர இரண்டு மாதமானது. அதற்குள் சோலைமலை ஹட்டனில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடமிருந்து பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினான். பழையதுதான், ஆனால் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது. வாத்தியாருக்கு ஸ்பேனர் பிடிக்கவே தெரியாது என்று கேட்டறிந்த பிறகுதான் நாகலெட்சுமி சம்மதித்தாள். ஊருக்குப் போக அது, ஞாயிற்றுக்கிழமை பழுதுபார்க்க கூட்டாஞ்சோறு என்று வீட்டில் பங்கு பிரிந்தது. ஸ்பேனர்ப் பெட்டிக்கு அவள் ஒரு பூட்டு வாங்கினாள். ஞாயிறு காலையில் தேநீர் கொடுக்கும்போது சாவியையும் கொடுப்பாள்; விளக்கு வைப்பதற்குள் திரும்ப வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வாள்.